நார் கலந்த கான்கிரீட் அடிபட்டு உடைந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை காணும் வழிமுறை

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடங்குத் தளம், பட்டறைத் தரை, மீன் இறங்குதளம், பாதாளச் சாக்கடை மூடி என்று, சிறு எஃகு அல்லது பிளாஸ்டிக் நார் (ஃபைபர்) கலந்த கான்கிரீட் உடைந்த இடங்களைப் பழுதுபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபைபர் போட்ட தரைதானே சார், பிறகு எப்படி உடைந்தது?" என்பதே. அதற்கான விடை பெரும்பாலும் உடைந்த முகத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் சிமெண்ட் கலவையைப் பூசி மூடிவிடுவதால்தான் அதே இடம் அடுத்த ஐப்பசி மழைக்குள் மறுபடியும் பெயர்ந்து வருகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தளங்களுக்கு வழக்கமாகச் சேர்க்கும் அளவில், அதாவது கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை எஃகு நார் சேர்க்கும்போது, கான்கிரீட்டின் அமுக்க வலிமையோ முதல் விரிசல் தோன்றும் சுமையோ பெரிதாக உயர்வதில்லை. விரிசல் விட்ட பிறகு அதன் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சிதறவிடாமல், அடியின் வேகத்தைத் தன் இழுவையில் வாங்கிக்கொள்வதே நாரின் வேலை. ஆகவே "விரிசல் விட்டது" என்பது மட்டும் பிழைக்கான அடையாளம் ஆகாது. விரிசல் விட்ட பின் தளம் எப்படி நடந்துகொண்டது என்பதுதான் பார்க்க வேண்டியது.

கையில் இருக்க வேண்டியவை: அரை கிலோ சுத்தி, விரிசலின் அகலத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை, ஒரு நல்ல காந்தம், கிராம் காட்டும் தராசு, டார்ச், தேதி எழுத ஒரு பெயிண்ட் பேனா.

அறிகுறி 1: பொருள் விழுந்த இடத்தில் நட்சத்திரம் போல விரிசல், துண்டு எதுவும் பெயரவில்லை

இது பெரும்பாலும் பிழையே அல்ல. எஃகு நார் தன் வேலையைச் செய்ததற்கான அடையாளமாகவே இதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் மூன்று சோதனைகளைச் செய்த பிறகே அப்படி முடிவு செய்ய வேண்டும்.

முதலாவதாக, விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால், அந்த விரிசல் அடிபடுவதற்கு முன்பே இருந்தது. கத்திரி வெயிலில் பிற்பகல் நேரத்தில் கொட்டிய தளங்களில், கான்கிரீட் இறுகுவதற்குள் மேற்பரப்பு காய்ந்து இழுத்த விரிசல்கள் இப்படி நெடுநாள் மறைந்திருந்து, ஓர் அடி விழுந்ததும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இரண்டாவதாக, விரிசலைச் சுற்றிச் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற ஓசை மாறி பொத் பொத் என்று கேட்கும் பகுதியைப் பெயிண்ட் பேனாவால் சுற்றி வரையுங்கள். மூன்றாவதாக, விரிசலின் குறுக்கே பாரிஸ் சாந்தால் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை பூசி, அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள்.

*அகலம் எவ்வளவு?* கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குப் பொதுவாக 0.3 மி.மீ. வரையும், தொடர்ந்து ஈரம் படுகிற அல்லது மண்ணைத் தொடுகிற உறுப்புகளுக்கு 0.2 மி.மீ. வரையும், கடுமையான சூழலில் இருப்பவற்றுக்கு 0.1 மி.மீ. வரையும் விரிசலின் அகலத்தை வரம்பிடுகிறது. தளங்களுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து உப்புக்காற்று நேரே வந்து படும் இடம் என்றால் கடைசி எண்ணையே கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால், மழைக்காலம் தொடங்குமுன் நீர்த்த எபாக்சியை விரிசலில் இறக்கி அடைத்துவிடுங்கள்.

*எப்போது பொறியாளரை அழைப்பது?* விரிசலின் ஒரு பக்கம் மற்றொன்றைவிடத் தாழ்ந்திருந்தாலோ, புதிதாக எதுவும் விழாதபோதே சாந்துப் பட்டை வெடித்திருந்தாலோ, பிழை தளத்தில் இல்லை, அதன் கீழே இருக்கிறது. நேரே அறிகுறி 4-க்குச் சென்று, தளத்தின் அடியைச் சோதிக்க ஆளை அழையுங்கள்.

அறிகுறி 2: அடிபட்ட இடத்தில் குழி விழுந்து, சில்லுகளாகப் பெயர்கிறது

அதிகமாக வரும் புகாரும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுவே. குழியைத் துடைத்துச் சுத்தம் செய்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பெயர்ந்த சில்லுகளைக் குப்பையில் கொட்டிவிடாமல் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். தளத்தைப் பார்க்க வருமுன் அந்தப் பையைத்தான் நான் கேட்பேன்.

*பெயர்ந்தது 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள மேல்தோல் மட்டுமே என்றால்*

நாருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பூச்சு வேலையின்போது மேற்பரப்பு இழுபடவில்லை என்று தண்ணீர் தெளித்துத் தேய்த்திருப்பார்கள், அல்லது கான்கிரீட்டில் ஊறி வந்த நீர் வற்றுமுன் கடினத்தூளைத் தூவி மூடியிருப்பார்கள். அந்தத் தோலுக்குள் நார் இருக்காது; அதன் கீழே உள்ள கான்கிரீட் நன்றாகவே இருக்கும். சாவியால் அழுத்திக் கீறினால் தூள் கொட்டும். பெயர்ந்த பகுதியை மட்டும் அரைத்து எடுத்துவிட்டு, கடினமாக்கும் திரவத்தைப் பூசினால் போதும். செலவு குறைந்த காரணம் இதுவே என்பதால் இதை முதலில் விலக்கிவிடுங்கள்.

*தலைமயிர் போன்ற பிளாஸ்டிக் இழைகள் மட்டும் தெரிந்தால்*

நான் பார்த்த புகார்களில் பெரும்பங்கு இங்குதான் வந்து நிற்கிறது. சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட் ஒன்று என்று விற்கப்படும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நார் இது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ என்ற கணக்கில் சேர்க்கப்படுகிறது. கான்கிரீட் இறுகும் முதல் சில மணி நேரத்தில் தோன்றும் மயிரிழை விரிசல்களைக் குறைப்பதற்காகவே இது இருக்கிறது, அந்த வேலையை நன்றாகவும் செய்கிறது. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஆக்சிஜன் சிலிண்டர் லாரியிலிருந்து செங்குத்தாக இறங்கும் இடத்தில் இதை நம்பித் தளம் போடுவது, மீன் வலையின் நூலால் லாரியைக் கட்டி இழுக்க நினைப்பதற்குச் சமம். "ஃபைபர்" என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருளையும் அழைப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆகவே கொட்டேஷனில் நாரின் வகை, நீளம், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

இங்கே தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருள் இறங்கும் இடத்தில் கனத்த ரப்பர் பாயோ மரச்சட்டமோ போடுவது எளிய தீர்வு. அடி ஓரிடத்தில் மட்டும் விழுகிறது என்றால் அங்கே ஓர் இரும்புத் தகட்டைப் பதிக்கலாம். தளம் முழுவதும் அடி வாங்குகிறது என்றால், எஃகு நார் கலந்த புதிய மேல்தளம் போடுவதைத் தவிர வழியில்லை.

*எஃகு நார் தெரிகிறது. வெளியே இழுபட்டு, கொக்கிமுனை நிமிர்ந்திருக்கிறது என்றால்*

நாரும் கான்கிரீட்டும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன. முனை வளைந்த எஃகு நார், இழுபடும்போது தன் கொக்கி நிமிர்வதன் மூலமே அடியை வாங்கிக்கொள்கிறது. வந்த அடிதான் தளம் தாங்கும் அளவைவிடப் பெரியது. கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் ஜூல் கணக்கில் அடியின் அளவு கிடைக்கும். 50 கிலோ இரும்பு வார்ப்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது ஏறக்குறைய 490 ஜூல். அதே 50 கிலோ எடையுள்ள சிமெண்ட் மூட்டை விழுந்தாலும் எண் ஒன்றுதான். ஆனால் மூட்டை தானே நசுங்கி அடியைத் தின்றுவிடும், இரும்பின் கூர்மையான விளிம்பு முழு அடியையும் தளத்தின் விரற்கடை இடத்தில் இறக்கும். மீன் இறங்குதளங்களில் ஐஸ் பாரைக் காலால் தள்ளிவிடும்போது நடுத்தளத்துக்கு ஒன்றும் ஆகாமல் விளிம்பு மட்டும் உடைவதும் இதனால்தான். எனவே முதலில் விழும் முறையை மாற்றுங்கள்: சறுக்குப்பலகை வையுங்கள், உயரத்தைக் குறையுங்கள். அது இயலாவிட்டால் மட்டும் தடிமனையும் நாரின் அளவையும் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

*எஃகு நார் வெளியே வந்திருக்கிறது. ஆனால் கொக்கி வளைந்தபடியே இருக்கிறது, துளை தூளாக இருக்கிறது என்றால்*

கான்கிரீட் நாரைப் பிடிக்கவில்லை. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: போதிய கியூரிங் (ஈரம் காத்தல்) இல்லாமை, கலவையில் கூடுதல் தண்ணீர், வைப்ரேட்டர் சரியாக ஓடாமல் விட்ட தேன்கூடு போன்ற வெற்றிடங்கள். வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் குறைந்தது 10 நாளும், சாம்பல் அல்லது கசடு கலந்த சிமெண்ட் என்றால் 14 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் அளவு. நம் பக்கம் கிடைக்கும் சிமெண்டில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. வகை என்பதால், மூன்று நாள் சாக்கு போட்டு நனைத்துவிட்டு நிறுத்தும் பழக்கம் நார் போட்ட தளத்துக்கே முதலில் தீங்காகிறது. பிடிப்பு இல்லாத இடத்தில் எத்தனை கிலோ நார் போட்டாலும் அது கான்கிரீட்டுக்குள் கிடக்கும் ஆணியே.

இந்த நிலையில் சோதனைக்கூடத்தை அழைக்க வேண்டும். மோதித் துள்ளும் அளவைக் கொண்டு கான்கிரீட்டின் கடினத்தைக் காட்டும் துள்ளல் சுத்தியலால் தளம் முழுவதையும் கட்டம் போட்டுப் பார்த்து, பலவீனமான இடங்களில் மூன்று கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுக்கச் சொல்லுங்கள். மூன்றின் சராசரி, அந்தக் கான்கிரீட் தரத்துக்கு உரிய கியூப் (வார்த்த கனசதுரத் துண்டை நசுக்கிக் காணும்) வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமலும் இருந்தால் ஏற்கலாம்.

*எஃகு நார் அறுந்து நிற்கிறது என்றால்*

அறுந்த முனையில் துருவும் மெலிவும் தெரிந்தால் அறிகுறி 7-ஐப் பாருங்கள். முனை பளபளப்பாக இருந்தால், நாரின் வலிமைக்கு மேல் கான்கிரீட்டின் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். மிக வலுவான கான்கிரீட்டில் சாதாரண வலிமையுள்ள நாரைப் போட்டால், அது இழுபடுவதற்குப் பதில் பட்டென்று அறுந்து, தளம் நார் இல்லாதது போலவே நொறுங்கும். எம்50 தரத்துக்கு (சதுர மி.மீ.க்கு 50 நியூட்டன் அமுக்க வலிமை) மேல் போகும் வேலைகளில் நாரின் இழுவலிமையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

*நாரே தெரியவில்லை, அல்லது ஓரிடத்தில் கொத்தாகவும் மற்ற இடத்தில் வெறுமையாகவும் இருந்தால்*

செலவு மிகுந்த காரணம் இது. ஐயத்தைத் தீர்க்க, 100 மி.மீ. விட்டத்தில் 150 மி.மீ. நீளக் கோர் ஒன்றை எடுத்து மேல்பாதி, கீழ்ப்பாதி என அறுத்து, இரண்டையும் தனித்தனியே நொறுக்கி, காந்தத்தால் நாரைப் பொறுக்கி எடை போடுங்கள். கன மீட்டருக்கு 30 கிலோ போட்டிருந்தால், அந்தக் கோர் முழுவதிலும் சுமார் 35 கிராம் இருக்க வேண்டும். ஒரே கோரில் கூடக்குறைய இருப்பது இயல்பு. மூன்று கோர்களிலும் பாதிக்கும் குறைவாக இருந்தால் நார் போடப்படவில்லை, அல்லது கலக்கப்படவில்லை. கீழ்ப்பாதியில் மட்டும் மிகுதியாக இருந்தால் கலவை நீர்த்து, வைப்ரேட்டர் நெடுநேரம் ஓடி, நார் அடியில் இறங்கியிருக்கிறது. இந்த எடைக்கணக்கை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஒப்பந்தக்காரரிடம் பேச வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டுவது இரு தரப்புக்கும் நியாயமாகாது.

*குழியை அடைக்கும் முறை.* மேல்தோல் மட்டும் பெயர்ந்ததைத் தவிர, மேலே சொன்ன எந்தக் காரணமானாலும் அடைப்பு ஒரே விதம்தான். பொத் பொத் என்று ஒலித்த எல்லைக்கு வெளியே நேர்கோட்டில் கட்டர் வைத்து, செங்குத்தான விளிம்பு கிடைக்கும்படி குறைந்தது 20 மி.மீ. ஆழத்துக்கு அறுக்க வேண்டும். விளிம்பைத் தகடு போல மெலிதாக இழுத்து முடித்தால் முதல் சக்கரத்திலேயே பெயரும். உளியால் தளர்ந்ததை எடுத்து, தூசியை ஊதி, முதல் நாளே நனைத்து, அடைக்கும் நேரத்தில் தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்படி துடைத்து, சிமெண்ட் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையை அழுத்த வேண்டும். 60 மி.மீ. நாரை 40 மி.மீ. குழியில் திணிக்காதீர்கள், அது படுத்தபடி நின்று கலவைக்கு வழிவிடாது. 30 மி.மீ. நாரும் 10 மி.மீ. ஜல்லியும் போதும்.

*எப்போது பொறியாளரை அழைப்பது?* குழியின் ஆழம் தளத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, கம்பி தெரிந்தாலோ நீங்களே அடைக்க வேண்டாம்.

அறிகுறி 3: மேலே அடி விழுகிறது; தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து துண்டு விழுகிறது

குழிமூடிகள், சரக்கேற்றும் மேடைகள், படகுத்துறைத் தளங்கள் போன்று அடியில் வெற்றிடம் உள்ள இடங்களில் இது நேரும். கீழே யாரும் நடமாடாதபடி தடுப்புக் கட்டி, மேலே சுமை ஏற்றுவதை நிறுத்தி, முட்டுக் கொடுத்த பிறகே சோதனைக்கு இறங்குங்கள்.

விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் கம்பியின் அச்சும் செம்பழுப்புத் துருப்படலமும் இருந்தால், அடி வெறும் சாக்குதான். கம்பி துருப்பிடித்துப் பருத்து, மூடியிருந்த கான்கிரீட்டை முன்பே தளர்த்திவிட்டது. நம் கடலோரத்தில் நான் கண்ட அடிப்பக்கப் பெயர்வுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. கடுமையான சூழலுக்கு எம்30 தரமும் 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்லியிருக்க, 20 மி.மீ. கூட இல்லாத இடங்களை இன்றும் பார்க்கிறேன். நார் போட்டிருக்கிறோம் என்று கவரைக் குறைப்பது மிகத் தவறு.

துரு இல்லாமல், அகன்ற கிண்ணம் போன்ற துண்டு பெயர்ந்திருந்தால் அது உண்மையான அடியின் விளைவு. மேல்முகத்தில் சிறு பள்ளம் மட்டும் இருக்க, அடிமுகத்தில் அதைவிடப் பெரிய பரப்பு பெயர்வது இதன் அடையாளம். நார் போதுமான அளவில் இருந்தால் துண்டு தொங்கிக்கொண்டாவது நிற்கும். முழுமையாகப் பிரிந்து விழுந்தால் நார் குறைவு அல்லது தளம் மெலிவு. இரண்டில் எதுவாயினும் கட்டமைப்புப் பொறியாளர் வராமல் அதன்மேல் மறுபடி சுமை ஏற்றக் கூடாது. அடியில் பூசி மறைப்பது, அடுத்த துண்டு விழப்போவதைக் கண்ணிலிருந்து மறைப்பதே.

அறிகுறி 4: தளத்தின் நடுவில் ஒன்றுமில்லை, இணைப்புகளின் விளிம்பு மட்டும் உடைகிறது

கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்டின் கெட்டியான சக்கரம் ஒவ்வொரு முறை இணைப்பைக் கடக்கும்போதும் ஒரு சிறு சம்மட்டி அடி விழுகிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் விழும் அந்தச் சிறிய அடிகள், ஆண்டுக்கு ஒருமுறை விழும் பெரிய அடியைவிட அதிகத் தீங்கு செய்கின்றன.

சுமையோடு வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, இணைப்பின் அருகே குனிந்து உட்கார்ந்து பாருங்கள்.

*இரு பக்கமும் அசையவில்லை என்றால்,* நிரப்பியைப் பாருங்கள். அது சுருங்கியோ பிய்ந்தோ போயிருக்கும், அல்லது வெளிச்சுவருக்கு உரிய மென்மையான சீலன்டைப் போட்டிருப்பார்கள். சுரண்டி எடுத்துவிட்டு, விளிம்பைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியான எபாக்சி நிரப்பியைத் தள மட்டத்துக்கு நிரப்புங்கள். விளிம்பு முழுவதும் பல் பல்லாக இருந்தால், கான்கிரீட் போதுமான அளவு இறுகுமுன் அறுத்ததில் நார் இழுபட்டு விளிம்பைப் பிய்த்திருக்கிறது. அப்படியானால் அறிகுறி 2-இல் சொன்னபடி அறுத்து அடைக்க வேண்டும்.

*ஒரு பக்கம் இறங்கி ஏறுகிறது, அல்லது மழைக்குப் பின் இணைப்பிலிருந்து கலங்கல் நீர் பீறிடுகிறது என்றால்,* அடியில் மண் போய்விட்டது. மணல் நிரப்பி மேடாக்கிய இடங்களில், கூரை நீரும் வடிகால் நீரும் தளத்தின் ஓரமாக இறங்கும்போது நுண்மணலை அரித்துக்கொண்டு போகும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கரையைக் கடந்த பிறகு நான் பார்த்த தளங்கள் சிலவற்றில் மேலே ஒரு கீறலும் இல்லை. தட்டினால் மத்தளம் போல ஒலித்தது. சில மாதங்களுக்குப் பின் அவற்றின் மூலைகள்தான் முதலில் முறிந்தன. தாங்க மண் இல்லாத மூலையை எந்த நாரும் காப்பாற்றாது. முதலில் நீரின் வழியை மாற்றுங்கள், பிறகு துளையிட்டுச் சிமெண்ட் கிரவுட் (நீர்த்த சிமெண்ட் குழம்பு) செலுத்துங்கள். கிரவுட் செலுத்துவதில் அழுத்தம் மிகுந்தால் தளமே தூக்கி உடையும் என்பதால் பழகிய குழுவையே அழைக்க வேண்டும்.

*மண் இருக்கிறது, ஆயினும் அசைகிறது என்றால்,* இணைப்பின் இரு பக்கத்தையும் கோத்து நிறுத்தும் டவல் (dowel) கம்பி இல்லை. நார் போட்டதால் டவல் வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இணைப்பு ஓரிரு மி.மீ. திறந்துவிட்டாலே அதைக் கடந்து செல்லும் நாரின் உதவி மிகவும் குறைந்துவிடும். ஒரு பகுதி இறுகிய பின் அடுத்ததைக் கொட்டும் கட்டுமான இணைப்பில் நார் கடந்து செல்வதே இல்லை. அறுத்து டவல் வைப்பதோ அந்தக் கட்டத்தை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி போடுவதோ, இந்தப் பட்டியலிலேயே செலவு மிகுந்த வேலை.

அறிகுறி 5: எஃகு நார் கான்கிரீட் மூடி உடைகிறது

மூடியின் மேல் உள்ள குறியைப் படியுங்கள். ஐ.எஸ். 12592-இன்படி எல்.டி. 2.5 டன், எம்.டி. 10 டன், எச்.டி. 20 டன், இ.எச்.டி. 35 டன். வீட்டு வாசலுக்கு வாங்கிய எல்.டி. மூடி லாரி திரும்பும் தெருவில் கிடந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குறி சரியாக இருந்தும் உடைகிறது என்றால், மூடியின் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிக் காலை அழுத்திப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், சட்டத்தின் இருக்கையில் ஜல்லியோ இறுகிய சிமெண்டோ சிக்கியிருக்கிறது. அந்த டன் கணக்கு மெதுவாக ஏற்றப்படும் சுமைக்கானது. ஆடும் மூடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் எழும்பி விழுந்து தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. இருக்கையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குக் கால் மணி நேரம் போதும். சட்டமே சாய்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டுச் சாலை மட்டத்துக்குப் பதிக்க வேண்டும். அது உள்ளாட்சி ஊழியர்களின் வேலை. குழிக்குள் நச்சுவாயு இருக்கும் என்பதால், எக்காரணம் கொண்டும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.

அறிகுறி 6: கொட்டும்போதே நார் உருண்டை உருண்டையாக வருகிறது

அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். உருண்டை உள்ள இடத்தில் சிமெண்ட் இருக்காது. உருண்டை இல்லாத இடத்தில் நார் இருக்காது. பின்னாளில் அறிகுறி 2-இல் வரும் பாதித் தொல்லைக்கு விதை இங்கேதான் விழுகிறது.

மூட்டையை அப்படியே கவிழ்த்தார்களா என்று பாருங்கள். ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்த பின்னரே நாரைத் தூவ வேண்டும்; நிமிடத்துக்கு 20 முதல் 40 கிலோ என்ற வேகத்தில், டிரம் முழு வேகத்தில் சுழலும்போது தூவி, பிறகு நான்கைந்து நிமிடம் சுற்றவிட வேண்டும். ஒட்டுப்பட்டியாக வரும் நார், கலவையில் தானே பிரிந்துகொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. நீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண் 80-ஐத் தாண்டும் தனி நார்கள் எளிதில் பின்னிக்கொள்ளும்.

நார் சேர்த்ததும் கலவை இறுகியது போலத் தோன்றும். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் சரிவு அளவு) 25 முதல் 50 மி.மீ. வரை குறைவதும் உண்டு. அப்போது குழாயை எடுத்துத் தண்ணீர் விடும் கையைத் தடுக்க வேண்டும். தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரை மட்டுமே சேர்க்கலாம். பிறகு லாரியின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் 10 லிட்டர் எடுத்து, சல்லடையில் கழுவி, காந்தத்தால் நாரை எடுத்துத் தராசில் வையுங்கள். கன மீட்டருக்கு 30 கிலோ என்றால் ஒவ்வொரு வாளியிலும் சுமார் 300 கிராம் வர வேண்டும். ஒரு வாளியும் காந்தமும் போதும் என்கிற இந்தச் சோதனையை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தளம் இறுகிய பின் இதே விடையைப் பெறக் கோர் எடுக்க வேண்டியிருக்கிறது.

அறிகுறி 7: மேற்பரப்பில் துருப்புள்ளி, நீட்டி நிற்கும் நார்முனை

மேற்பரப்பில் உள்ள நார் துருப்பிடிப்பது கடலோரத்தில் தவிர்க்க இயலாதது. நார்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடப்பதால், நல்ல கான்கிரீட்டுக்குள் இருப்பவை கம்பியைப் போலத் துரு பரப்புவதில்லை. நீட்டி நிற்கும் முனையை வெட்டி, அந்த இடத்தை அரைத்துவிடுங்கள். டயரும் வெறுங்காலும் தப்பும். ஆனால் விரிசலின் குறுக்கே உள்ள நார் துருப்பிடித்து மெலிந்திருந்தால், அடுத்த அடியைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. உப்பு நீர் தினமும் ஓடும் மீன் தளங்களுக்கு, தொடக்கத்திலேயே துத்தநாகம் பூசிய எஃகு நாரையோ 40 முதல் 60 மி.மீ. நீளமுள்ள தடித்த செயற்கை நாரையோ பரிந்துரைக்கிறேன்.

அறிகுறி 8: கியூப் தேறிவிட்டது, தளம் உடைகிறது

கியூப் சோதனை நாரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. அடியைத் தாங்கும் தன்மையை ஒப்பிட, அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 544 குழு விவரித்த எளிய எடை வீழ்ச்சிச் சோதனை உண்டு. 150 மி.மீ. விட்டமும் 63.5 மி.மீ. தடிமனும் உள்ள வட்டின்மேல் எஃகுக் குண்டை வைத்து, 4.54 கிலோ சுத்தியலை 457 மி.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, முதல் விரிசலுக்கு எத்தனை அடி, முழுமையாக விரிவதற்கு எத்தனை அடி என்று எண்ணுவார்கள். ஓர் அடி சுமார் 20 ஜூல்.

இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். நார் இல்லாத வட்டில் முதல் விரிசலுக்குப் பின் ஓரிரு அடிகளிலேயே வட்டு பிளந்துவிடும். எஃகு நார் போதுமான அளவில் உள்ளதில் விரிசலுக்குப் பிறகும் பல அடிகள் தாங்கும். இரண்டும் நெருங்கி இருந்தால், கொட்டேஷனில் எத்தனை கிலோ எழுதியிருந்தாலும் அந்தக் கலவையில் நார் வேலை செய்யவில்லை. இந்தச் சோதனையில் ஒரே கலவையின் வட்டுகளுக்குள்ளேயே எண்கள் பெரிதும் வேறுபடும் என்பதால், இரண்டு மூன்று வட்டுகளை மட்டும் வைத்து ஒரு நாரை உயர்ந்தது என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் முடிவு கட்டாதீர்கள். சோதனைக்கூடத்திடம் கேட்கும்போது சராசரியை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு வட்டின் இரண்டு எண்களையும், உடைந்த வட்டுகளையும் சேர்த்தே வாங்கி வாருங்கள். அந்த வட்டின் முகத்தையும் அறிகுறி 2-இல் சொன்னபடி கொக்கி நிமிர்ந்திருக்கிறதா, வளைந்தபடியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த லாரிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.